இருபத்து மூன்றாம் படம்

மார்ச் 3, செவ்வாய்

படங்களை இன்று காட்சிக்கூடத்தில் ஒப்படைத்தேன். நாற்பது படங்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அக்கா வேலை பார்ப்பதை இரண்டு வருடமாக எடுத்தவை. நீள மேசையில் வரிசையாகப் பரப்ப வேண்டும், பார்க்கிறவர்கள் குனிந்து ஒவ்வொன்றாக நகர வேண்டும் என்று எழுதியே கொடுத்தேன். காட்சியை அமைக்கிற ஆள் படித்துவிட்டு, "யோசிக்கலாம் சார்" என்றார். அந்த 'யோசிக்கலாம்' எனக்குப் பிடிக்கவே இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே, கோணல் பார்க்கக் கொத்தனார் வைத்திருப்பாரே, அந்த ரசமட்டத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சுவரில் வைத்து வைத்துப் பார்க்கிறார். இனி இந்த நோட்டில் அவர் பெயர் ரசமட்டம்.

மார்ச் 5, வியாழன்

அக்கா போன் செய்தாள். அதே நிபந்தனையை மறுபடி சொன்னாள். "எப்படி வேணா வை. என்னைப் பாத்து எவளும் 'பாவம்'னு சொல்லிடக் கூடாது. அவ்ளோதான்." மாமா அவளை விட்டுப் போன நாளிலிருந்து சொந்தக்காரர்கள் வாயில் அந்த ஒரு சொல்தான். அதைக் கேட்கக் கூடாதென்றே கல்யாணம், காது குத்து எதற்கும் அவள் போவதில்லை. சத்தியம் செய்து கொடுத்தேன்.

மார்ச் 9, திங்கள்

மேசை கிடையாதாம். நாற்பதில் பதினொன்று போதுமாம். அதிலும் இருபத்து மூன்றாம் படத்தை மட்டும் ஆறடிக்குப் பெரிதாக்கி, தனி அறையில், கறுப்புச் சுவரில், ஒரே ஒரு விளக்கின் கீழ் மாட்டப் போகிறாராம். "மத்ததெல்லாம் தகவல் சார். இதுதான் படம்." என்ன திமிர்!

இருபத்து மூன்று என்ன படம்? பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்ததும் அக்காவுக்குத் தும்மல் வருகிறது. கண் மூடி, வாய் பாதி திறந்து, கழுத்து மேலே போயிருக்கிறது. இருபத்து நான்கில் தும்முகிறாள். இருபத்தைந்தில் அவளும் கூட வேலை செய்கிறவளும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்த இரண்டையும் ரசமட்டம் தூக்கிவிட்டார். "அது வேடிக்கை சார். மூட் கெட்டுரும்." படத்துக்குத் தலைப்பும் வைத்துவிட்டார் - 'சுமை'.

கத்தினேன். பக்கத்து அறையில் சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயின்டர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அப்போது அவர் வாசலில் வைக்கப்போகும் பலகையைக் காட்டினார். கதவு அகலத்துக்கு என் பெயர். எப்போது கத்துவதை நிறுத்தினேன் என்று ஞாபகம் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஏன் போட்டேன்?

மார்ச் 14, சனி

திறப்பு. நல்ல கூட்டம். வெளியே வாயடித்துக்கொண்டு வருகிறவர்கள்கூட அந்த இருட்டறைக்குள் நுழைந்ததும் கப்சிப். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். "உங்க அக்காவோட வலி எனக்குப் புரியுதுங்க."

அம்மா, அது தும்மல், வெறும் தும்மல் - என்று மனசுக்குள் சொன்னேன். வாயில் வந்தது "நன்றிங்க."

மானங்கெட்டவன் நான். ரசமட்டம் பக்கத்தில் வந்து, "பாத்தீங்களா சார்?" என்றான். மூஞ்சியில் ஒன்று விட்டிருக்க வேண்டும். அவன் நீட்டிய ஜூஸை வாங்கிக் குடித்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

கூடம் திறக்கும் முன்பே போய்விட்டேன். துப்புரவு செய்கிற அம்மா டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு இருட்டறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பத்தில் கையை ஊன்றி நின்று படத்தைப் பார்த்தார்.

"இந்தம்மாவுக்குத் தும்மல் வருதா? பின்னாடி ஒருத்தி சிரிப்பை அடக்குறா பாருங்க."

பார்த்தேன். கீழ் மூலையில் பிரித்த மூட்டை. பின்னால் கூட்டாளி, விரிப்பின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டு. எல்லாம் இருக்கிறது. அந்தப் பாவி விளக்கை முகத்துக்கு மட்டும் திருப்பி, மற்றதையெல்லாம் இருட்டில் முக்கியிருக்கிறான். அந்த அம்மா வேலை முடிந்து டியூப்லைட்டை அணைத்தார், ஒற்றை விளக்கு மட்டும் எரிந்தது. உடனே அக்கா துக்கம் தாங்காத பெண் ஆகிவிட்டாள்.

மார்ச் 18, புதன்

ரசமட்டத்திடம் டியூப்லைட்டைப் போடச் சொன்னேன். முடியாதாம். "ஜனங்க வர்றதே அந்த இருட்டுக்குத்தான் சார்."

மார்ச் 21, சனி

இருட்டறை வாசலில் நின்று, உள்ளே போகிற எல்லோரிடமும் சொன்னேன்: "தும்மல் வரப்போகுது, வேற ஒண்ணும் இல்லை." ஒருத்தர் என் மேல் எரிந்து விழுந்தார். "அதைச் சொல்ல நீங்க யாரு?" நான்தான் எடுத்தேன் என்றேன். "எடுத்தா? எனக்குக் கண்ணு இல்லையா?" ரசமட்டம் வந்து என்னை ஆபீஸ் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா வந்தாள். என்னிடம் சொல்லாமல், கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு. நான் ஆபீஸ் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவள் இருட்டறையைப் பார்த்து முடித்துவிட்டு, பார்வையாளர் கருத்து எழுதும் நோட்டைக் கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல், பக்கம் பக்கமாக. 'பாவம் இந்தத் தாய்.' 'பாவம், எத்தனை கஷ்டமோ.' அதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். தினமும் போய்ப் படிக்கிறவன்தானே நான்.

"அக்கா, எல்லாம் அந்த ஆளு வேலை. விளக்கை அப்படி வெச்சு-"

நோட்டை மூடினாள். "அந்த ஆள எனக்குத் தெரியாது. நான் உள்ளே விட்டது உன்னை."

படியிறங்கிப் போய்விட்டார்கள். பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் - அதுதான் காரணமா? இப்பவும் நாலு பேரா முக்கியம், நாயே?

மார்ச் 23, திங்கள்

அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

இருபத்து நான்கையும் இருபத்தைந்தையும் கொண்டுபோய்ப் பெரிய படத்தின் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினேன். ரசமட்டம் வந்து தன் ரசமட்டத்தை அவற்றின் மேல் வைத்துப் பார்த்து, "கோணலா இருக்கு சார்" என்று சிரித்துக்கொண்டே உரித்தான். ஏணியை இழுத்துப் போட்டு அந்த ஒற்றை விளக்கைக் கழற்றினேன். கை சுட்டுவிட்டது. அவன் கத்த, நான் கத்த, காவலாளி வந்து என் தோளைப் பிடிக்க, ஒரே ரகளை. மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் இறக்கி, ஆறடிப் படத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். வாசல் பலகையில் என் பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்தான் பெயின்டர்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சலவைக்கூடத்துக்குப் போனேன். "இன்னிக்கு கேமரா இல்லையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே விட்டார் வாசலில் இருப்பவர்.

அக்கா நிமிரவில்லை. கூட்டாளி லீவு. விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை, அவள் ஒரு முனையை மேசையில் இடுக்கிவைத்துத் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்றேன். மூன்றாவது விரிப்பில் ஒரு முனையை என் பக்கம் எறிந்தாள்.

"இழுத்துப் பிடி. தொங்குது."

இரண்டு வருடம் இதே இடத்தில் நின்றிருக்கிறேன். ஒருநாளும் இந்த முனையைப் பிடித்ததில்லை. அவள் தனியாக மல்லுக்கட்டுவதையும் அழகாக எடுத்திருக்கிறேன் - பதினேழாம் படம்.

பவுடர் நெடி ஏறி எனக்குத் தும்மல் வந்தது. தும்மினேன். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த விரிப்பை உதறினாள்.