நாலாவது சுற்று

எதிர்வீட்டில் இன்று ஆமணக்கெண்ணெய் காய்ச்சுகிறார்கள். விதையை வறுத்து, இடித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கிண்டுகிற வாடை காலையிலிருந்து என் அறையை விட்டுப் போகவில்லை. மற்றவர்களுக்கு அது சின்ன வயதில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய பேதி மருந்தின் வாடை. எனக்கு அது பொட்டலின் வாடை, மாப்ள. உன் வண்டிப் புகையின் வாடை. சன்னலைச் சாத்திப் பார்த்தேன், போகவில்லை. சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை. உனக்குப் படிக்க வராது. யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்வாய். எனக்கு எழுத வேண்டியிருந்ததோ இன்னொருவர் காதில் விழக்கூடாத சமாசாரம். இனி அந்தக் கவலை இல்லை.

சண்டைக் காலத்தில் திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே அந்தப் பொட்டலில் பட்டாளம் கூடாரம் அடித்தபோது, என் அரைகுறை இங்கிலீசை நம்பி என்னைக் குமாஸ்தாவாக வைத்துக்கொண்டார்கள். லாரிகளைப் பழுது பார்க்க ஆள் கேட்டார்கள். மதுரையில் பஸ் பட்டறையில் இருந்த உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுமலையில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், மறுபடி ஒரே இடத்தில் சோறு தின்னலாம் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் கிடையாது.

அங்கே இருந்த கேப்டன் துரைக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சண்டைக்கு முன்னால் தன் ஊரில் அவர் வாலிபப் பையன்களுக்கு மோட்டார் சைக்கிள் பந்தயம் பழக்கியவர். தார் ரோட்டில் ஓடுகிற பந்தயம் இல்லை. முட்டை வடிவத்தில் ஒரு மண் தடம். நாலு பேர், நாலு சுற்று. வண்டிக்குப் பிரேக் கிடையாது. வளைவில் வேகத்தைக் குறைக்காமல் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே திரும்ப வேண்டும். தேய்கிற பூட்சுக்கு அடியில் ஓர் இரும்புத் தகடு கட்டுவார்கள். நாம் அதை லாடம் என்போம். பட்டாளத்தில் அவருக்குக் கீழே பத்தொன்பது இருபது வயதுப் பையன்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ‘சண்டை முடிந்து இவர்கள் ஊருக்குப் போகும்போது கையில் ஒரு தொழிலோடு போக வேண்டும்’ என்று என்னிடம் சொல்வார். அந்தப் பையன்களில் எத்தனை பேர் ஊருக்குப் போவார்கள் என்பது அவருக்கும் தெரியாது. அதனால்தான் அவ்வளவு அவசரம் என்று இப்போது தோன்றுகிறது.

தடம் போட்டது நீதான். காளவாசல் சூளைகளில் கழித்துப்போட்ட செங்கல்லை இடித்து, ரயிலடியில் குவிந்து கிடந்த கரித்தூளைக் கலந்து பரப்பி, ஒரு ஜோடி மாட்டைப் பிடித்துவந்து பரம்பு ஓட்டினாய். “நாத்தங்காலுக்குக்கூட நான் இம்புட்டுப் பரம்படிச்சதில்ல மாப்ள” என்று வேர்வையைத் துடைத்தாய். வண்டி எஞ்சின் தேயாமல் ஓட ஆமணக்கெண்ணெய் ஊற்ற வேண்டும் என்று துரை சொன்னதை நான் தமிழில் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில் வெள்ளைக்காரப் பையன்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். “நாம வயித்தத் தொறக்க ஊத்துறத இவரு வண்டிக்கு ஊத்தச் சொல்றாரு. வண்டி எங்க போயி நிக்கும்னு தெரியலயே” என்றாய். இதை மட்டும் நான் துரைக்கு மொழிபெயர்க்கவில்லை.

ஒருநாள் மாலை, பழுது பார்த்த வண்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்க நீயே ஏறி உட்கார்ந்தாய். முதல் வளைவில் நேரே வேலிக்குள் போய் விழுந்தாய். எழுந்து மறுபடி ஏறினாய். நாலைந்து முறைக்குப் பிறகு வண்டி உனக்குக் கீழே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு, சிவப்புப் புழுதியை விசிறி அடித்துக்கொண்டு திரும்பியது. துரை டீ குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையோடு எழுந்து நின்றார். அன்றிலிருந்து நீ பையன்களுக்கு முன்னால் ஓடுகிற ஆள் ஆனாய்.

அவருடைய முறை அதுதான். நீ முன்னால் போக வேண்டும், பையன் துரத்த வேண்டும். மூன்று சுற்று வரை அவனை அண்டவிடக் கூடாது. நாலாவது சுற்றில், கடைசி வளைவில் நீ கொஞ்சம் வெளியே விலகி உள்பக்கத்தில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி விட வேண்டும். அதற்குள் நுழைய அவனுக்குத் துணிச்சல் வர வேண்டும். ‘மூன்று சுற்றை வண்டியே ஓட்டிவிடும், நாலாவதை ஆள்தான் ஓட்ட வேண்டும்’ என்பார். செம்பட்டை முடிக்காரப் பையன் ஒருவன், செம்பட்டை என்றே கூப்பிடுவோமே, அவன் நாலாவது சுற்றில் இடைவெளியைப் பார்த்ததும் கையைத் தளர்த்திவிடுவான். நீ வண்டியை விட்டிறங்கி அவன் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, “சக்கரத்தப் பாக்காதடா, போற எடத்தப் பாரு” என்பாய். அவனுக்கு உன் தமிழ் புரிந்தது. நான் அதை இங்கிலீசில் சொன்னால்தான் குழம்பினான்.

உன் ஆத்தா ஒருமுறை பொட்டலுக்கு வந்து பார்த்துவிட்டு முகம் கறுத்துப் போனது நினைவிருக்கிறதா? விழுந்து தொலைப்பாய் என்ற பயமில்லை. எல்லாரும் இடமாகவே சுற்றியதுதான் காரணம். “கோயிலச் சுத்துற மாதிரியா சுத்துறீக? இடமாச் சுத்துறது சுடுகாட்டுலதாண்டா” என்றாள். நீ வாதாடவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் மலையைப் பார்த்துக் கும்பிட்டு, மெதுவாக வலமாக ஒரு சுற்று. “இது சாமிக்கு. மத்தது தொரைக்கு” என்றாய். பையன்கள் முதலில் கேலி செய்தார்கள். ஒரு மாதத்துக்குள் செம்பட்டை உட்பட எல்லாரும் வலமாக ஒரு சுற்று சுற்றாமல் வண்டியை முடுக்குவதில்லை. துரை தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை.

இனி அந்த நாளைச் சொல்லியாக வேண்டும்.

பட்டாளம் கிழக்கே கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை துரை பந்தயம் வைத்தார். பெரிய அதிகாரிகள் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், துரைசானிகள் குடை பிடித்திருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நம் ஜனம். கடைசிப் பந்தயத்துக்கு ஓட வேண்டிய ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். நாலில் ஓர் இடம் காலி. துரை என்னைக் கூப்பிட்டு, அந்த இடத்தில் நீ ஓடப்போகிறாய் என்றார். அவர் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ‘இது பழகுகிற ஓட்டம் இல்லை, பந்தயம் என்று அவனிடம் சொல். யாருக்கும் வழி விட வேண்டாம். அவன் என்ன ஓட்டுவானோ அதை ஓட்டட்டும்.’

உன்னிடம் வர ஐம்பது அடி நடக்க வேண்டியிருந்தது. அந்த ஐம்பது அடியில் நான் முன்வரிசையைப் பார்த்தேன். எதிரில் வந்தபோது சைக்கிளை விட்டு இறங்கவில்லை என்று நம் ஆள் ஒருவனை நடுரோட்டில் அறைந்த அதிகாரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்முன்னால் நீ மூன்று வெள்ளைக்காரர்களைப் புழுதி தின்ன வைத்தால் என்ன ஆகும்? துரை நாளை மறுநாள் போய்விடுவார். நாம் இங்கேதான் இருக்க வேண்டும். உனக்காகப் பயந்தேன் என்றுதான் இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வேலைக்காகவும் பயந்தேன். இரண்டும் உண்மை.

“மாப்ள, ஒன்ன ஓடச் சொல்றாரு” என்றேன். உன் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “வழக்கம்போல நாலாவது சுத்துல விட்டுக் குடுத்துரணுமாம்.”

“நெசமாவா சொன்னாரு?”

“நெசமா.”

“அவரா சொன்னாரு?”

“அவருதான்.”

நீ லாடத்தின் வாரை இறுக்கிக் கட்டினாய். “சொன்னாச் சரி” என்றாய்.

வலமாக ஒரு சுற்று போனாய். பிறகு பந்தயம். மூன்று சுற்று நீ ஓட்டியதை நம் ஜனம் ரொம்ப நாள் பேசியது. உனக்கும் செம்பட்டைக்கும் நடுவில் பாதித் தடம் காலி. நாலாவது சுற்றின் கடைசி வளைவில் வெளியே விலகி உள்பக்கத்தைத் திறந்துவிட்டாய். நுழைவதற்குத்தான் ஆள் இல்லை. அவன் அவ்வளவு தூரம் பின்னால் இருந்தான். வண்டி கிட்டத்தட்ட நின்றுபோகிற அளவுக்கு நீ காத்திருந்தாய். கூட்டத்தின் சத்தம் அடங்கிவிட்டது. செம்பட்டை உன்னைத் தாண்டிப் போனான். முடிவுக் கோட்டைத் தாண்டியும் அவன் கையைத் தூக்கவில்லை.

நேரே நம்மிடம் வந்தான். புழுதிக்குப் போடுகிற கண்ணாடியைக் கழற்றித் தரையில் வீசினான். ‘நான் பிச்சைக்காரன் இல்லை என்று அவனிடம் சொல்’ என்றான் என்னிடம். முகம் முழுக்கச் சிவப்புப் புழுதி, அதில் கண்ணீர் ஓடிய தடம். “என்னங்கிறான்?” என்று கேட்டாய். “நீ நல்லா ஓட்டுனேங்கிறான்” என்றேன். “மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலயே” என்றாய். துரையும் வந்தார். ‘நான் சொன்னதை அவனிடம் சொன்னாயா’ என்று என்னைக் கேட்டார். சொன்னேன் என்றேன். அவர் உன்னைப் பார்த்தார், நீ அவரைப் பார்த்தாய். உன் கண்ணில், இவ்வளவுதானா இந்த மனுஷன் என்று இருந்தது. அவர் கண்ணிலும் அதேதான். நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த நான் நின்றுகொண்டிருந்தேன்.

நீ அன்று மாலையே எழுமலைக்குப் போய்விட்டாய். மறுநாள் துரை உன்னைத் தேடிக்கொண்டு பட்டாளத்து லாரிப் பட்டறைக்கு வந்தார். தன் சொந்த லாடத்தை, தன் ஊரிலிருந்து கொண்டுவந்ததை, ஒரு துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். அவனிடம் சேர்த்துவிடு என்றார். அதை எடுத்துக்கொண்டு நான் எழுமலைக்கு வந்தபோது நீ கமலை இறைத்துக்கொண்டிருந்தாய். துணியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “அந்தாளு லாடம் எனக்கெதுக்கு? நீயே வச்சுக்க” என்றாய். அப்போதே சொல்லியிருக்கலாம். கிணற்றடியில் நாம் இரண்டு பேரும் இரண்டு மாடும்தான். அடுத்த பொங்கலுக்குச் சொல்லலாம் என்று திரும்பினேன்.

அதன் பிறகு எத்தனை பொங்கல்! நீ மறுபடி வண்டி தொடவில்லை. யாராவது மோட்டார் சைக்கிளில் போனால் தலையைத் திருப்பிக்கொள்வாய். வெள்ளைக்காரர்கள் நாட்டை விட்டே போனார்கள். “போகட்டும், மனசு சுத்தமில்லாத பயக” என்றாய் நீ.

கடைசியில் விஷக்காய்ச்சலில் நீ படுத்திருந்தபோது உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், கஞ்சி எடுக்க உள்ளே போனாள். நீ என் கையைப் பிடித்தாய். உன் கை கொதித்தது. “மாப்ள, அன்னிக்கி நான் விடாமப் போயிருந்தா என்னடா ஆயிருக்கும்?” என்று கேட்டாய்.

“ஒண்ணும் ஆயிருக்காது” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பிறகு தங்கச்சி வந்துவிட்டாள்.

சுடுகாட்டில் உன் அண்ணன் மகன்தான் கொள்ளிக்குடம் சுமந்தான். இடமாகச் சுற்றினான். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு துளை போட்டார்கள், தண்ணீர் பீச்சிக்கொண்டு ஓடியது. நான் என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்தான், திரும்பிப் பார்க்காமல் போ என்று அவனை அனுப்பிவிட்டார்கள். எல்லாரும் நகர்ந்தார்கள். நான் மட்டும் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறதே என்று நின்றேன். யாரோ தோளைத் தட்டிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

போன வாரம் பொட்டலுக்குப் போனேன். பட்டாளம் இருந்ததற்கு அடையாளமாக நாலு சிமெண்டுத் திட்டு கிடக்கிறது. தடத்தில் கருவேலங்கன்று முளைத்திருக்கிறது, ஆனாலும் சிவப்பும் கறுப்பும் கலந்த அந்தப் பொடி இன்னும் தெரிகிறது. ஆடு மேய்க்கிற ஒரு கிழவர் தவிர ஆளில்லை. மலையைப் பார்த்துக் கும்பிட்டு வலமாக ஒரு சுற்று நடந்தேன். பிறகு லாடத்தை இடது செருப்பின் அடியில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு இடமாகத் திரும்பினேன். துரை சொன்னதை, அவர் சொன்னபடியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், சத்தமாக உனக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன். கிழவர் என்னைப் பார்த்துவிட்டு ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று சுற்றில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. இருந்தாலும் நாலாவதையும் நடந்தேன். கடைசி வளைவில் விலகவில்லை, மாப்ள. உள்பக்கத்தை ஒட்டியே, ஓர் அடிகூட இடைவெளி விடாமல் நடந்து முடித்தேன். பின்னால் யாரும் வரவில்லை.