வேலிக்கு வெளியே போன தேக்சா

குளுவாங், ஜொகூர்
1935 ஆகஸ்டு

அன்பு மகன் முனீருக்கு வாப்பா எழுதிக்கொள்வது, சலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உம்மாவும் உன் தங்கை ஆரிஃபாவும் சுகம், பினாங்கில் உன் சுகத்துக்குத் தினமும் துஆ கேட்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. எனக்குத்தான் வயிறு எரிகிறது, எரிய வைத்தது உன் கடிதம்.

கிளப் செயலாளர் துரையிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாய். நடந்தது தெரியாமல் எழுதிவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன், கேள். இந்தியாவிலிருந்து ஹாக்கி ஆட்டக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் கிளப் துரைமார்கள் தங்கள் விளையாட்டுத் திடலான பாடாங்கைப் போய்ப் பார்த்தார்கள், பாதி சேறு. தோட்டத்து ஜனங்கள் லீவு நாளில் வந்து மண் போட்டு மேடாக்கித் தந்தால், முன்னால் உட்கார்ந்து சும்மாவே ஆட்டம் பார்க்கலாம் என்று செயலாளர் துரை நம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துதான் சொன்னார், அதைத் தமிழில் சொல்லி வாக்குக் கொடுத்தவன் நான். ரப்பர் பால் வெட்டும் வெள்ளையம்மா கைப்பிள்ளையை மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு மண் சுமந்தாள். ஆட்டத்தன்று போனால் பாடாங்கைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் தகர வேலி! டிக்கெட் வேண்டுமாம், கோட்டு வேண்டுமாம். உள்ளே கைதட்டுகிறார்கள், மண் சுமந்தவர்கள் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வெட்கங்கெட்ட துரைமார்கள்!

ஆட்டம் முடிந்து கிளப்பில் விருந்து, சமையல் நம்முடையது. நம் பந்தியில் நாலு பேர் சேர்ந்து சாப்பிட ஒரு சஹன் தட்டு, கடைசி சஹனுக்கு ஆள் உட்காராமல் முதல் சஹனில் யாரும் கை வைப்பதில்லை, உனக்குத் தெரியாததா? வெளியே நிற்பவர்கள் வந்து உட்காரட்டும், பிறகு சோறு ஆக்கிய தேக்சாவின் மூடியைத் திறக்கிறேன் என்றேன். இது உன் வீடில்லை என்று துரை கத்தினார். தேக்சா என்னுடையது என்றேன். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட இந்திய ஆட்டக்காரன் ஒருவன் தேக்சாவின் ஒரு காதைப் பிடித்தான், மறு காதை நான் பிடித்தேன், வேலிக்கு வெளியே புல்லில் இறக்கினோம். ஆட்டக்காரர்கள் எல்லோரும் அங்கேயே வந்து தோட்டத்து ஜனங்களோடு சாப்பிட்டார்கள், சஹன் பழகாதவர்களுக்கு வாழை இலை போட்டேன். துரைமார்கள் முள்கரண்டியும் கையுமாக உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். இதற்கா நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

ஆனால் வெள்ளையம்மா கை கழுவிவிட்டு, "சோத்துக்கா பாய் மண்ணு சொமந்தோம்? ஆட்டம் பாக்கலாம்னுதானே கூட்டியாந்தீங்க" என்று கேட்டாள். மறுநாளே கிளப்புக்குப் போனேன்.

சிங்கப்பூர் போன ஆட்டக்காரர்கள் திரும்புகையில் இங்கே இன்னொரு ஆட்டம் இருக்கிறது. தகரத்தைப் பிரிக்காமல் என் அடுப்பு எரியாது என்று சொல்லிவிட்டேன், இனி கிளப் சமையல் உனக்கில்லை என்றார்கள், போகட்டும். மழையில் பாடாங் மறுபடி சேறாகக் கிடக்கிறது, இந்தத் தடவை மண்வெட்டி தூக்க ஓர் ஆளும் வரவில்லை.

அந்த ஆட்டத்துக்கு நீ வருவதாகவும், உன் ஆபீஸ் துரை உள்ளே நாற்காலி வாங்கித் தந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். வா மகனே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். உம்மாவின் காலுக்கு ஜாதிக்காய்த் தைலம் மறக்காதே. தகரம் நின்றால் நானும் வெள்ளையம்மாவோடு வெளியேதான் நிற்பேன். நீ எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொண்டு ரயில் ஏறு.

இப்படிக்கு,
உன் வாப்பா
அபூபக்கர்