மலாயில் பெண் கொடுக்கும் வாப்பா

கூடலூர் முதுநகர்
12-3-1964

அன்பு மகன் கிபாயத்துல்லாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகமென்று எழுதத்தான் ஆசை, வாப்பாவைத் தவிர மற்றவர்கள் சுகம். பினாங்கில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க துஆச் செய்கிறேன்.

பக்கவாதம் வந்து மூன்று மாதமாகியும் வாப்பாவுக்குத் தமிழ் திரும்பவில்லை. சோறு, நேற்று, கதவு என்று உதிரியாக விழுகிறது, ஒன்றோடொன்று சேரவில்லை. ஆனால் பினாங்குக் கடையில் கற்ற மலாய் மட்டும் கோர்வையாக வருகிறது. சிதம்பரத்துக்கு அழைத்துப்போய் சபாபதி டாக்டரிடம் காட்டினோம். பிறந்த பாஷையில வார்த்தைங்க யோசிக்காமலே தானா சேந்துக்கும்மா, வளந்தப்புறம் கத்துக்கிட்டதை யோசிச்சு யோசிச்சுச் சேக்கறோம், தானா சேர்ற இடம்தான் அடிபட்டிருக்கணும், இது என் ஊகம்தான் என்றார். முப்பது வருஷம் அந்த ஊரில் என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டதே இல்லை, இப்போது நாளெல்லாம் கேட்கிறேன். ஒன்றும் புரியாமல் தலையாட்டுகிறேன். அழுகையாக வருகிறது மகனே.

இதை வைத்துத்தான் உன் பெரிய மாமா, மச்சானுக்குப் புத்தி போயிடிச்சு, மக ருக்கையா நிக்காஹ்வுல பொண்ணைக் கொடுக்கிற பொறுப்பை மகனுக்கு மாத்திடுங்க என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சொல்லிவிட்டார். நீயும் அவர் பேச்சைக் கேட்டுச் சம்மதம் எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபம்தான். மேல்பட்டாம்பாக்கத்தில் பினாங்கிலிருந்து திரும்பிய குலாம் முகம்மது இருக்கிறாரே, அவரை வரவழைத்தேன். ஹஜ்ரத் கேட்கக் கேட்க அவர் மலாயில் சொன்னார். யார் மகள், மாப்பிள்ளை யார், எந்த ஊர் என்பதற்கெல்லாம் வாப்பா சரியாகப் பதில் சொன்னார், குறிஞ்சிப்பாடி என்றுகூடச் சொன்னார். பிறகு நீளமாக ஏதோ கேட்டார். குலாம் முகம்மது எங்கள் பக்கம் திரும்பினார். எல்லாத்தையும் என்கிட்ட கேக்கறீங்களே, எம்பொண்ணுக்கு இஷ்டமான்னு அவகிட்ட யாராவது கேட்டீங்களான்னு கேக்கறாரு என்றார். உன் மாமா தலையைக் குனிந்துகொண்டார். உண்மையில் நாங்கள் யாருமே கேட்டிருக்கவில்லை. அன்றைக்கே கேட்டேன், ருக்கையா சிரித்துக்கொண்டே சரியென்றாள்.

புத்தி தெளிவாத்தான் இருக்கு, மலாயிலயே கொடுக்கட்டும், ஆனா அந்தப் பாஷை புரியற சாட்சி ரெண்டு பேர் வேணும் என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டார். ஒருவர் குலாம் முகம்மது. இன்னொருவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மறு வாரம் நிக்காஹ், இப்போதே கப்பலுக்குப் பதிந்துகொள். மழைச்சளி பிடித்தால் அலட்சியமாக இருக்காதே.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. நீ எழுதிய சம்மதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். வாப்பாவின் இடத்தில் உட்கார வராதே, அவர் பக்கத்தில் சாட்சியாக உட்கார வா.

உன் உம்மா,
சர்புன்னிசா