குடலை எடுக்க ஒரு கையெழுத்து

12, செவ்வாய்

விடாத மழை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள். இவருக்கு வயிறு பானை மாதிரி. இரண்டு வருடமாகப் பெருங்குடலில் புண். இப்போது குடலே வீங்கிவிட்டதாம். ஊசிக்குக் கேட்காவிட்டால் குடலை எடுக்கணுமாம். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார் டாக்டரம்மா!

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டாராம்மா?"

"நீங்க எழுதிக் குடுத்ததுதான்."

மூன்று தடவை இதே கேள்வி. எதற்கு? நாளைக்கு ஒன்று ஆனால் என் தலையில் கட்டவா?

13, புதன்

மறுபடி ரத்தம், மறுபடி எக்ஸ்ரே. நர்ஸிடம் கேட்டால் "டாக்டர் சொல்வாங்க". பக்கத்துக் கட்டில் அம்மாள் காதோரம்: "கேட்டவுடனே கையெழுத்துப் போட்டுடாதீங்க." நான் என்ன முட்டாளா?

நாகப்பட்டினத்திலிருந்து கொழுந்தன் செல்வம் வந்தான். அண்ணனும் தம்பியும் ஒரே விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர்கள். டாக்டரம்மாவோடு தனியாகக் குசுகுசு. என்னைக் கண்டதும் கப்சிப். புற்றுநோயா? எனக்குத் தெரியாமல் மறைக்கிறார்களா?

சாயங்காலம் ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். முடியாது என்றேன்.

14, வியாழன்

காய்ச்சல் ஏறிவிட்டது. இவர் உளறுகிறார். செல்வத்தைப் படிக்கட்டில் மடக்கினேன்.

"என்னடா மறைக்கிற?"

"பேதி நிக்க வயிறு கட்டுற மாத்திரை அண்ணி. கடல்ல இருந்தா அண்ணன் ஒரு நாளைக்கு ஏழெட்டு போட்டுக்கும். எல்லாரும் பாக்க அடிக்கடி படகு ஓரத்துல போயி உக்கார வெக்கம். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிடுச்சு. அதான் டாக்டர்கிட்ட சொன்னேன்."

அடக் கடவுளே. வாங்கிக் கொடுத்தவளே நான். படகு கிளம்பும்போதெல்லாம் வெற்றிலை, பீடி, ஊறுகாயோடு அந்த மாத்திரையும் இரண்டு அட்டை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் வழக்கம். அதைப் போய் யார் மருந்து என்று நினைத்தார்கள்?

டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "புண்ணான குடலை அது அசையவிடாதும்மா. இன்னும் காத்திருந்தா வெடிச்சிடும்."

கையெழுத்துப் போட்டேன். அவசரத்தில் என் பெயரே கோணல்.

16, சனி

ஆபரேஷன் முடிந்து இன்றுதான் கண் விழித்தார். மலம் சேர வயிற்றில் ஒட்டிய பையைத் தடவிப் பார்த்தார்.

"யாரு கையெழுத்துப் போட்டது?"

"நான்தாண்ணே" என்றான் செல்வம்.

"இல்லைங்க, நான்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"அத்தனை மாத்திரை முழுங்கினப்ப நீங்க என்னைக் கேட்டீங்களா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். உயிரோடு இருக்கிறாரே, அது போதும்.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டார். டம்ளரை எடுத்தேன்.

"நீ குடுக்காத. நர்ஸு வந்து குடுக்கட்டும்."