சேர்மன் ஓடிய பந்தயம்

செவன் ஹில்ஸ்
14 ஜூலை 2025

அன்பின் நிரூபா,

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை உமது நாய்ப் பந்தயத்தைக் குழப்பிய அந்தக் குரங்குத்தொப்பிக்காரன் நான்தான். நீர் கண்டுவிட்டீர், தெரியும். ஆனாலும் ஒப்புக்கொள்ள வேண்டுமல்லவா?

ஒன்பது மணித்தியாலம் காரோடி வந்தோம், நானும் கூட்டாளி சிறியும். "நாப்பத்தொன்பது வயசிலை நாலு நாயை வண்டியிலை பூட்டிக் காட்டுக்குள்ளை ஓடுற மனுசியைப் பாக்காமல் செத்தால் கட்டை வேகாது மச்சான்" என்றான் அவன்.

மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு நழுவுவதுதான் திட்டம். பசித்தது. பக்கத்துவீட்டு விமலாதேவி அன்ரி தந்த மட்டன் ரோல்ஸ் பொதியை அவிழ்த்தேன். "புருசனை விட்டவள் நாயைப் பிடிச்சாள்" என்று உம்மைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவ அவதான். ரோல்ஸ் மட்டும் திறம்.

வளைவில் உமது மூன்று சக்கர வண்டி வந்தது. நாய்களுக்கு முன்னால் நம்முடைய சேர்மன்! ஒரு கண் நீலம், மற்றது மண்ணிறம். என்னைக் கண்டதும் தடத்தை விட்டுப் பாய்ந்தான். "ஓடடா!" என்று கத்தியபடி சிறி காருக்குள் புகுந்துவிட்டான். நான் ஓடவில்லை. சேர்மனைக் கட்டிப்பிடித்து விக்கி விக்கி அழுதேன். வண்டி கவிழ்ந்து நீர் சேற்றில் கிடந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

இரண்டு வருசத்துக்குப் பிறகும் அவன் மறக்கவில்லை. வீட்டுக்கு வாருமேன், இரண்டு பேரும்.

உமது
முரளிதரன்


டண்டினோங்
22 ஜூலை 2025

முரளிக்கு,

மணிக்கட்டு எலும்பு வெடித்திருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் இனி எனக்குப் பந்தயம் இல்லை. தடத்தருகே சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்று பலகை இருந்தது. நீங்கள் வாசித்திருக்க மாட்டீர்கள்.

வீட்டுக்கு வரச் சொல்கிறீர்கள். மாதவிடாய் நின்று, இனிப் பிள்ளை இல்லை என்று நான் குசினிக்குள் இருந்து அழுததை, சங்க விழா மேடையில் சேலைத்தலைப்போடு நடித்துக் காட்டினீர்கள். நானூறு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நாள் நாயோடு வெளிக்கிட்டேன்.

நிரூபா


செவன் ஹில்ஸ்
30 ஜூலை 2025

அன்பின் நிரூபா,

கை எப்படி? நீர் சிரித்தபடியால் பிடித்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். முழு மடையன்.

இப்போது மேடை ஏறுவதை விட்டுவிட்டேன். சரி, உண்மையைச் சொல்கிறேன்: ஒருவரும் கூப்பிடுவதில்லை.

ஆனால் சேர்மனை யோசித்துப் பாரும். ஒரு நாளாவது நான் அவனை நடக்கக் கூட்டிப்போனேனா? குளிப்பாட்டினேனா? எல்லாம் நீர்தானே. அப்படியிருந்தும் அத்தனை சனத்துக்குள் என்னைத் தேடி ஓடி வந்தான். வாயில்லாச் சீவனே மன்னித்துவிட்டது. உமக்கு மட்டும் ஏன் முடியவில்லை?

காத்திருக்கும்
முரளி


டண்டினோங்
11 ஆகஸ்ட் 2025

முரளிக்கு,

மன்னிப்புக்கு நாயைச் சாட்சிக்குக் கூப்பிட்ட முதல் ஆள் நீங்களாகத்தான் இருக்கும். இனி எழுத வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

சேர்மன் பங்குனியிலேயே செத்துப்போனான். என் மடியில்தான். உங்களுக்கு அறிவித்திருந்தால், அதையும் ஒரு பகிடியாக்கி எங்காவது சொல்லியிருப்பீர்கள்.

நீங்கள் கட்டிப்பிடித்து அழுதது பெட்டை நாய்.

நிரூபா