மோலி சமத்தாகிவிட்டாள்

ஸ்வான்சீ, மார்ச் 3

அன்பு லோரி,

நீ எழுதிய கார்ட்டூன் வசனத்தை இரண்டு முறை படித்தேன். என் மகள் டெகனைப்போல ஆட்டிசம் உள்ள மோலி என்ற சிறுமியைக் கொண்டுவந்துவிட்டோம் என்று உங்கள் ஆட்கள் தங்கள் முதுகில் தாங்களே தட்டிக்கொள்கிறார்களாமே. தட்டிக்கொள்ளட்டும். தொலைந்த நாயைக் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகுதான் மோலியை மற்ற பிள்ளைகள் விளையாட்டில் சேர்க்கிறார்கள். மற்ற பிள்ளைகள் எந்த நாயைக் கண்டுபிடித்தார்களாம்?

அதையாவது விட்டுவிடலாம். மோலி கைகளை உதறினால் அழுகை வயலின். தோழி வந்து அந்தக் கைகளைப் பிடித்து அடக்கினால் குதூகல இசை. நீ டெகனின் ஞானத்தாய்டி. கார் கழுவும் இடத்தில் பெரிய பிரஷ்கள் சுழலும்போது அவள் கையை உதறி உதறிக் கொண்டாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். சிரிக்கிற பிள்ளையின் வாயைப் பொத்துவாயா?

அந்தக் காட்சியை மாற்று. என் ஆறு வயதுக்காரி பார்க்கப்போகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

நெரிஸ்

கார்டிஃப், மார்ச் 11

நெரிஸ் கண்ணு,

கோபப்படாதே. படம் வரைந்து முடித்தாயிற்று. எல்லாம் முடிந்த பிறகு பெற்றோரிடம் காட்டுவதுதான் இங்கே வழக்கம். போட்டுப் பார்த்தபோது அறையே அழுதது. "கை பிடிக்கிற சீன் ஒண்ணு போதும்ப்பா, விருது நமக்குத்தான்" என்றார் தயாரிப்பாளர். ஆலோசகர் என்று உன் பெயரையும் கடைசியில் போட்டிருக்கிறோம். டெகனின் பிறந்தநாளுக்குக் கேக்கோடு வருகிறேன்.

உன் லோரி

ஸ்வான்சீ, ஏப்ரல் 20

லோரி,

பார்த்தாள். மோலிக்கும் தன்னுடையதைப்போலவே சத்தத்தைத் தடுக்கும் காதுக்கவசம் இருப்பதைக் கண்டு டிவிக்கு முத்தம் கொடுத்தாள். அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் கார் கழுவப் போனோம். பிரஷ்கள் கண்ணாடியை மொத்தின. பின்சீட்டில் சத்தமே இல்லை. திரும்பினால், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்திருக்கிறாள்.

"கையை எடுடா தங்கம்."

"வேணாம்மா. மோலி சமத்தாயிட்டா. நானும் ஆயிட்டேன்ல?"

இன்னொரு சுற்று போனோம். கை வெளியே வரவில்லை.

உங்கள் அறையிடம் சொல், இந்தத் தடவை அழுதது நான். விருதுக்கு அதையும் சேர்த்துக்கொள்ளட்டும். என் பெயரை எடுத்துவிடு. அதற்கு யாரும் எதையும் திரும்ப வரைய வேண்டியதில்லை.

ஞாயிறன்று பிறந்தநாளுக்கு வராதே. அவள் கைகள் வெளியே வந்ததும் எழுதுகிறேன். வராவிட்டால் எழுத மாட்டேன்.

நெரிஸ்