வசந்தாமணி கேட்ட கேள்வி

9.6.2025

சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனது. வீடு வீடாக மாத்திரை கொடுக்கிற வேலைக்கு ஊரில் வேறு ஆள் கிடைக்காமல் அரசாங்கம் வசந்தாமணியைப் போட்டிருக்கிறது. அவள் நாத்தனார் கல்யாணத்தில், இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரை, மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று பந்தியிலிருந்து எழுப்பினார்கள். எழுப்பியது இவள் மாமனார். சரிகை வேட்டி கட்டியிருந்தார். அப்போது வசந்தாமணி அந்த வீட்டுக்கு வாழ வரவே இல்லை. வராவிட்டால் என்ன, அந்த வீட்டு மருமகள்தானே? மாத்திரையை வாங்கிக்கொள்வேன். பேச்சு கிடையாது. என் மருமகள் பேசுவாள்.

என் மகன் அரசு இன்றும் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான்.

10.6.2025

என் மகன் தமிழரசு இருபது வருஷமாக லாரி ஓட்டினான். மாசியில் நாக்பூர் பக்கம் ஒரு பையன் வண்டியோடு சறுக்கி இவன் லாரிக்கு முன்னால் விழுந்துவிட்டான். பிழைக்கவில்லை. இவன் மேல் தப்பில்லை என்று போலீசே எழுதிவிட்டது. அதை இவன் மனசுக்கு யார் சொல்வது? வந்த நாளிலிருந்து கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். லாரி ஓனர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். இவன் எழுந்து வெளியே வரவில்லை.

அலுப்பு என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். அலுப்புதான். வேறு என்ன?

13.6.2025



விளக்கு வைக்கிற நேரத்துக்கு வசந்தாமணி வந்தாள். எனக்குப் பிரஷர் பார்த்தாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, “ஏனுங்ண்ணா, தூங்கறீங்களா?” என்றாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கேட்டாள் —

“அண்ணா, செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதுங்களா?”

எங்கூட்டுக்குள்ள. விளக்கு எரியற நேரத்துல. அந்த வார்த்தைய என் மகனப் பாத்து.

பேசாதவள் பேசிவிட்டேன். “எந்திரிடி. உங்க மாமனாரு பந்தியில எழுப்புனாரு, நீ ஊட்டையே எழவூடு ஆக்க வந்தியா?” என்று கத்தினேன். மிஷினைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். போகும்போது அவனைப் பார்த்து, “எப்ப வேணாலும் கூப்புடுங்ண்ணா” என்றாள்.

14.6.2025

இன்னும் ஆறவில்லை.

15.6.2025

மத்தியானம் கஞ்சி கொண்டுபோய் வைத்தேன். அவன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான்:

“அவ கேட்டா. சொல்லிறலாம்னு வாயத் தொறந்தேம்மா. நீ தொரத்தீட்ட.”

கஞ்சியை அப்படியே வைத்தேன். மருமகளை அவன் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். செருப்புகூடப் போடாமல் வசந்தாமணி வீட்டுக்கு ஓடினேன்.

வசந்தாமணியின் மாமியார் வாசலில் கட்டிலில் கிடந்தாள். கண் தெரியாவிட்டாலும் வாய்க்குக் குறைச்சல் இல்லை. “யாரு, பெருமாயியா? வழி தப்பி வந்துட்டியா?” என்றாள். வேறு நாளாக இருந்தால் நல்ல பதிலாகச் சொல்லியிருப்பேன். உள்ளே பார்த்து வசந்தாமணியைக் கூப்பிட்டேன். வசந்தாமணி மாவாட்டிய கையோடு வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். “அத்தை, சும்மா இருங்க” என்று சொல்லிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே எனக்கு முன்னால் நடந்தாள்.

உள்ளே அவனோடு பேசினாள். எங்களை வெளியே இருக்கச் சொன்னாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். காட்டிய மாட்டுக்கே மறுபடியும் காட்டினேன். உள்ளே அவன் அழுகிற சத்தம் கேட்டது. அப்பன் செத்தபோதுகூட அழாதவன்.

வெளியே வந்து, “நெனப்பு இருக்குதுங்க பெரிம்மா. சொல்லீட்டாரு. சொன்னதே பெருசு” என்றாள். காட்டுக்கு அடிக்கிற பூச்சிமருந்தெல்லாம் எங்கே என்று கேட்டு, எல்லாவற்றையும் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவனைத் தனியாக விடக்கூடாது, நாளைக்கு ஆஸ்பத்திரி என்றாள். எங்கள் எதிரிலேயே நர்சம்மாவுக்குப் போன் போட்டாள்.

நான் கேட்டேன்: “அதக் கேட்டா, இல்லாத நெனப்ப நாமளே உண்டு பண்ணுன மாதிரி ஆயிராதா?”

“ஆகாதுங்க. கேட்டாத்தான் மனசுல இருக்கறத எறக்கி வெப்பாங்களாம். ட்ரெயினிங்ல மொதல்ல சொல்லிக்குடுத்ததே அதுதான்.”

“உனக்குக் கேக்க வாய் வந்துச்சா?”

“எங்கீங்க வருது? உங்கூட்டு வாசல்ல நின்னு ரெண்டு தடவ சொல்லிப் பாத்துட்டுத்தான் உள்ள வந்தேன்.”

16.6.2025

ராசிபுரம் அரசு ஆஸ்பத்திரி. மனசு டாக்டர் சின்னப் பெண். “டிரைவரண்ணா, உக்காருங்க” என்றாள். அவசரப்படுத்தவே இல்லை. வெளியே எத்தனை கூட்டம். அவனுக்கு மாத்திரை கொடுத்தார்கள். இது சர்க்கரை மாதிரி ஒரு வியாதி, பார்த்தால் அடங்கும் என்றாள். எங்களையும் உட்கார வைத்துச் சொன்னாள்.

அங்கே ஒருவரும் ஏளனமாகப் பார்க்கவில்லை. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இருந்திருந்தால் ஞாபகம் வைத்திருப்பேன்.

17.6.2025

தூங்கினான்.

1.7.2025

கிணற்றடியில் சென்னம்மாள், “உம்மகன் பைத்தியத்துக்கு மாத்திர திங்கறானாமே” என்றாள். அவளை இந்த ஜென்மத்துக்கு மறக்க மாட்டேன். நின்ற இடம், இடுப்பில் இருந்த பச்சைக் குடம், எல்லாம் மனசில் இருக்கிறது.

“உனக்கு முட்டிக்குத் தைலம், அவனுக்கு மனசுக்கு மாத்திர. போடி” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

8.7.2025

அரசுக்கு 104 என்கிற உதவி நம்பரிலிருந்து போன் வருகிறது. ஒரு பெண் பேசுகிறது. புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்று பேசுகிறான்.

“யாருடா அது?”

“கவர்மெண்டும்மா.”

“கவர்மெண்டுக்கு உங்கிட்ட அத்தன நேரம் என்னடா பேச்சு?”

சிரித்தான். பல்லு தெரியச் சிரித்தான். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் யார் யார், எதைச் சொல்லி எதைச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கெல்லாம் அப்படியே இருக்கட்டும். இது மட்டும் வேறு. என் மகன் இருக்கிறானா, சாப்பிட்டானா என்று முகம் தெரியாத ஒருத்தி கேட்கிறாள். நல்லா இருக்கட்டும் அந்தப் பிள்ளை.

3.8.2025

ஆடிப்பதினெட்டு. வெளியே ஏதோ லாரி பிரேக் போட்ட சத்தம். அவ்வளவுதான், மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இந்தத் தடவை நான் காத்திருக்கவில்லை. வசந்தாமணியைக் கூப்பிட்டேன். கும்பிடப் போனவள் பாதி வழியில் திரும்பி வந்தாள்.

“சரியாகற வியாதியில இப்புடி ஒரு நாளு வரும் பெரிம்மா” என்றாள். தலையில் மல்லிகைப்பூ வைத்திருந்தாள். அழகாக இருந்தது. சொல்லவில்லை.

12.9.2025

பால் வண்டி ஓட்டுகிறான். வெண்ணந்தூர் வரைக்கும் போய் வருகிறான். லாரி வேண்டாம் என்றுவிட்டான். வேண்டாம் என்றால் வேண்டாம்.

20.9.2025

கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம், நானும் அவனும். இரண்டு நாளாகச் சாப்பாடு கொஞ்சம் குறைந்திருந்தது. எத்தனை நாளைக்கு வசந்தாமணியே வந்து கேட்பாள் என்று தோன்றியது.

வாயைத் திறந்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் உரித்தேன்.

“சாமி, செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதா?”

கேட்டுவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை.

அவன் யோசித்துத்தான் சொன்னான். “இல்லம்மா. வவுறுதான் மந்தமா இருக்குது. வந்தாச் சொல்றேன்.” பிறகு உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். “உனக்கு எப்பவாச்சும் வந்திருக்குதா?”

எழுபது வயசுக்கு மேல் ஆகிவிட்டது. பெற்றவர்கள் கேட்டதில்லை. கட்டியவர் கேட்டதில்லை. கையிலிருந்த கடலைக்காயைக் கீழே வைத்தேன்.

பிறகு, வந்திருக்கிறது என்று சொன்னேன். இவன் கைக்குழந்தையாக இருந்த வருஷத்திலிருந்து ஆரம்பித்தேன். மாடு கறவைக்குக் கத்தியது. மருமகள் போய்க் கறந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. நானும் நிறுத்தவில்லை.